என் தெருவின் பெயரை மைத்துனன் சொன்னபோது

1

நாளை காலை குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க லியோன் நகரின் அரசு அலுவலகத்துக்குப் போகவேண்டும். மின் கட்டண ரசீது, சம்பளச் சீட்டுகள், கல்யாணச் சான்றிதழ், அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவருக்கு அந்தத் தகுதி உண்டு என்பதற்கான முத்திரை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, நீல உறையில் போட்டு, வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என் தாள்கள் என்னைக் கைவிட்டதில்லை. கைவிடுவது என் வாய்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள் முதலில் பிறந்த ஊரைக் கேட்பார். ஸ்ரீபெரும்புதூர் என்பேன். அவருடைய பேனா அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு கணம் எனக்குப் பிடிக்கும். அடுத்து தெருவைக் கேட்பார். உடனே தவிப்பு என் பக்கம் வந்துவிடும்.

நான் குடியிருப்பது மல்பெரி மரத் தெரு. பிரெஞ்சில் அதற்கு மூன்று சொற்கள். மூன்றிலும் ஒரே உயிரொலி. தமிழில் 'ரூ தூ மூரியே' என்று எழுதலாம். எழுதினால் தப்பாகத்தான் இருக்கும். அந்த ஒலி ஊவும் இல்லை, ஈயும் இல்லை. உதடு ஊ என்று குவிந்திருக்கும்போதே உள்ளே நாக்கு ஈ என்று சொல்லவேண்டும். நம் பேச்சில் உதடும் நாக்கும் ஒத்துப்போய்விடும். இங்கே இரண்டுக்கும் தனித்தனி வேலை.

நான் சொன்னதும் அந்த அம்மாள், "மன்னிக்கவும், மறுபடி?" என்பார். மறுபடி சொல்வேன். மறுபடியும் கேட்பார். பிறகு நான் காகிதத்தில் எழுதி நீட்டுவேன். அவர் "ஆ!" என்று சொல்லி, நான் சொன்னதையேதான் சொல்வார். என் காதுக்கு அப்படித்தான் இருக்கும்.

"முதல்லயே எழுதிக் குடுத்துடுப்பா. பேச வேணாம்," என்றாள் என் மகள் மீனா. அவளுக்குப் பதினான்கு வயது. நாளை பள்ளி விடுமுறை என்பதால் என்னோடு வருகிறாள். வீட்டில் மற்ற நேரமெல்லாம் பிரெஞ்சுதான். என்னோடு தமிழில் பேசுவது இப்போதெல்லாம் இந்த மாதிரி புத்திமதி சொல்ல மட்டும்தான்.

நேற்று மாலை என் மனைவி கஸ்தூரி அந்த வீடியோ கேசட்டை மறுபடியும் போட்டாள். இந்த வருடம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் நடந்த புது இயந்திரங்களின் திறப்பு விழா அது. அதில் அவள் தம்பி தனசேகர் பிரெஞ்சில் வரவேற்புரை வாசிக்கிறான். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஆனாலும் கேசட் தேய்கிறது. விழாவில் என்ன நடந்தது என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

2

இங்கே வந்த புதிதில் மாதா கோயில் கூடம் ஒன்றில் மாலை வகுப்புக்குப் போனேன். ஆசிரியை முதல் நாளே ஆளுக்கொரு சின்ன முகக்கண்ணாடி கொடுத்தார். வாயைப் பார்த்துக்கொண்டே ஒலியைச் சொல்லவேண்டும். முப்பது வயது தாண்டியவன், தொழிற்சாலையில் தரப் பரிசோதகன், கண்ணாடியைப் பார்த்து உதட்டைக் குவித்துக்கொண்டிருப்பதா? கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் சொன்ன விதிகளை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். எந்த எழுத்துக்கூட்டு எந்த ஒலி, எங்கே நீளும், எங்கே மூக்கில் போகும் எல்லாம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் ஒரு போர்த்துகீசியக் கொத்தனார் உட்காருவார். அவருக்கு எழுதவே வராது. கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு குரங்கு, மீன், குழந்தை என்று சகல முகங்களும் செய்வார். குளிர்காலம் முடிவதற்குள் ஆசிரியை அவரை எழுப்பி எங்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரொட்டிக் கடையில் எனக்கு வேறொரு கஷ்டம். நீள ரொட்டி 'ஒன்று' கேட்க வேண்டுமென்றால் அந்த 'ஒன்று' என்ற சொல்லிலேயே அந்த ஒலி இருக்கிறது. 'இரண்டு' என்பதில் அதைவிட மோசமான வேறொரு ஒலி. 'மூன்று' எனக்கு நன்றாக வரும். அதனால் மூன்று வாங்குவேன். கஸ்தூரி இங்கே வந்து சேர்ந்த பிறகு, மீந்த ரொட்டியை உதிர்த்துக் கடுகு தாளித்து உப்புமா செய்வாள். "இந்த ஊர்ல ரொட்டி என்ன மூணு மூணாத்தான் விப்பாங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் அவளே போய், கடைக்காரம்மாவிடம் விரலைக் காட்டி, சிரித்து, ஒன்று வாங்கி வந்தாள்.

மீனா பள்ளிக்குப் போன முதல் ஆண்டே அந்த ஒலியோடு திரும்பி வந்தாள். ஐந்து வயதுக் குழந்தை என் உதட்டை இரண்டு விரலால் பிடித்துக் குவித்து, "இப்படிப்பா," என்றது. நான் சிரித்தேன். சொந்தக் குழந்தையிடம் பொறாமைப்படுகிறோம் என்று ஒரு மனிதன் யாரிடம் போய்ச் சொல்வது?

3

இந்த ஆண்டு எங்கள் லியோன் தொழிற்சாலை தன் ப்ரெஸ் இயந்திரங்களில் சிலவற்றை மறைமலை நகருக்கு உள்ளே தள்ளி, ஒரகடம் போகும் பக்கம் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்கு விற்றது. ப்ரெஸ் என்றால் இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டியோ வளைத்தோ எடுக்கிற இயந்திரம். அவற்றை நிறுவ மிஷெல் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். அவர்களிடம் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

சேரப்பணஞ்சேரியில் மாமனார் வீட்டில் தங்கினேன். அங்கிருந்து காலையில் கம்பெனி பஸ் வரும். படப்பைப் பக்கம் ஏரியும் வயலுமாக வந்து, ஒரகடம் கூட்டுரோட்டில் டீக்கடைக்கு முன்னால் நின்று ஆளேற்றி, பிறகு புது காம்பவுண்டு சுவர்களாக மாறிவிடும் சாலை. பஸ்ஸில் என்னைக் காட்டி, "பிரான்சு மாமா. அந்த பாஷய தண்ணியா பேசுவாரு," என்று தனசேகர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தான். இத்தனை வருடமாகக் கடிதங்களிலும் விடுமுறைகளிலும் நான் அப்படித்தான் தெரியப்படுத்தியிருந்தேன்.

தனசேகருக்கு நாற்பதை நெருங்கும் வயது. டிப்ளமோ படித்தவன். அந்தத் தொழிற்சாலையின் ப்ரெஸ் ஷாப்பில், அதாவது ப்ரெஸ்கள் ஓடும் கூடத்தில், சூப்பர்வைசர். வாய் ஓயாது. முன்பு ஒருமுறை அவனை லியோனுக்கு அழைத்துக்கொள்ள நான் ஏற்பாடு செய்தபோது, "அங்க வந்து நான் யாரக் கலாய்க்கிறது மாமா? பாஷ தெர்லன்னா ஊமயாட்டம் குந்திகினு இருக்கணும்," என்று மறுத்துவிட்டான்.

அவன் ஷாப்பில் நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். ப்ரெஸ்கள் ஓடும்போது அங்கே யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்துப் பேசுகிறார்கள். ஒரு மூலையிலிருந்து தனசேகர் வாயை அசைப்பான். மறுமூலையில் ஒருவர் விழுந்து விழுந்து சிரிப்பார். மானேஜர் வருகிறார், டீ வந்தாச்சு, இன்னிக்கு ஓ.டி. உண்டு, உன் சட்டை கேவலமா கீது எல்லாம் அப்படித்தான் போய்ச் சேரும். நானும் இளவயதில் அம்பத்தூரில் ப்ரெஸ் ஷாப்பை ஒட்டி வேலை பார்த்தவன். ஆனால் பரிசோதகன் என்பதால் கண்ணாடி அறைக்குள் இருந்தேன். அந்தப் பேச்சு எனக்கு வந்ததில்லை.

4

புது ப்ரெஸ்களின் திறப்பு விழாவுக்கு லியோனிலிருந்து முதலாளியே வருகிறார் என்று செய்தி வந்தது. எழுபதைத் தாண்டியவர், காது மந்தம். அங்கே தினமும் என்னைக் கடந்து போவார், தலையசைப்பார், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

"வெல்கம் ஸ்பீச்ச நீங்க ஃப்ரெஞ்சுலயே படிச்சுடுங்க சார். நம்ம ஊர்க்காரர் படிச்சா நமக்கும் பெருமை," என்றார் மானேஜர். உங்கள் ஊரிலிருந்து வேண்டியவர்களையும் கூப்பிடுங்கள் என்றார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து என் அண்ணனையும், கூடப் படித்த நான்கு பேரையும் கூப்பிட்டேன். மாமனார் வீட்டார் இருக்கவே இருக்கிறார்கள். இவர்கள் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. நான் எப்படிச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறேன் என்று நம்புவார்கள். வெளிநாட்டில் இத்தனை வருடம் "மறுபடி?" என்ற சொல்லைக் கேட்டவனுக்கு, மேடையில் நின்று, யாரும் மறுபடி கேட்காத ஐந்து நிமிடம் கிடைக்கப்போகிறது. எனக்கு அது வேண்டும். மிகவும் வேண்டும்.

உரையை எழுதி முடித்தேன். நல்ல உரை. பிழை கிடையாது.

விருந்தினரிடம் இரண்டு வார்த்தை பேசத் தெரியவேண்டும் என்று சூப்பர்வைசர்கள் ஆறு பேருக்கு கேண்டீனில் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நான் கொண்டுவந்திருந்த பயிற்சி கேசட்டை ஓடவிட்டு, விதிகளைக் கரும்பலகையில் எழுதினேன். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். தனசேகர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அந்த ஊ இன்னொருவாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.

"கேசட்ல அந்தம்மா சொல்றது வேற. நீங்க சொல்றது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல மாமா. நீங்க சும்மா ஊதறீங்க. அந்தம்மா சிரிச்சிகினே ஊதுது."

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் கரும்பலகையில் விதியைக் காட்டினேன். அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மிசேல் சாரு ஷாப்புக்குள்ள நின்னுகினு போல்ட்டு, நட்டு, ஆயிலுன்னு எதையோ சொல்லிகினே கீறாரா? சத்தம் கேக்காது, வாய் மட்டும் தெரியும். நானும் பாத்துகினே இருந்தேன். வெளிய ஊ, உள்ள ஈ. நீங்க இன்னா பண்ணுங்க, வாய 'வூடு'ன்னு வெச்சிகினு 'வீடு'ன்னு சொல்லிப் பாருங்க."

நான் சொல்லிப் பார்க்கவில்லை. அவன் சொன்னான். கேசட்டில் இருந்த பெண் கேண்டீனுக்குள் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. அதோடு விட்டானா? மூக்கொலிகளைத் தொட்டான்.

"இதுக்கு எதுக்கு மாமா இத்தினி விதி? 'அவன் போனான்'னு சொல்றோம். கடைசில ன் எங்க வருது? நாக்கு மேல போயி ஒட்டுதா? மூக்குலயே முடிஞ்சி போவுதுல்ல? அதே தான் இது."

அது சரிதான். நான் இருபது வருடமாகப் பிரெஞ்சில் அந்த ன்னை நாக்கை ஒட்டி, அழுத்தித் திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதியிருப்பதைச் சொல்லவேண்டும் என்பது என் பழக்கம்.

அப்போது கேண்டீன் வாசலில் மிஷெல் நின்றிருந்தார். உள்ளே வந்து, என்னிடம் பிரெஞ்சில், "பேசிக்கொண்டிருந்தது யார்? கேசட்டா?" என்று கேட்டார்.

5

இரண்டு நாள் கழித்து ஒத்திகை. நான் வாசித்தேன். மிஷெல் நல்ல மனிதர். முதல் பத்தியில் நிறுத்தினார், இரண்டாவதில் நிறுத்தினார், பிறகு நிறுத்தவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "உரை மிக அழகாக இருக்கிறது," என்றார். "அதை உங்கள் மைத்துனர் வாசிக்கட்டும். முதலாளிக்குக் காது மந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒலி தெளிவாக இருக்கவேண்டும்."

சரி என்றேன். நானே அதைத் தமிழில் மொழிபெயர்த்துத் தனசேகரிடம் சொல்லவேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளன் வேலை அதுதானே.

"அய்ய, இன்னா மாமா இது, எனக்கு ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாதே!"

"நான் சொல்லித் தர்றேன்."

"வேணாம் மாமா. அர்த்தம் தெரிஞ்சா வாய் கோணிக்கும். அர்த்தமெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

உரையைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் ஒவ்வொரு வரிக்கு மேலேயும் வாய் படம் போட்டுக்கொண்டான். சின்ன வட்டம், பெரிய வட்டம், ஒரு கோடு, மூக்குக்கு ஒரு புள்ளி. பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், பின்கட்டில் தொட்டிக்குப் பக்கத்தில் பல் விளக்கும்போது என்று எந்நேரமும் வாயை அசைத்துக்கொண்டே இருந்தான். குரல் வராது. என் வாக்கியங்கள் அவன் உதட்டில் சத்தமில்லாமல் ஓடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். மாமியார் அவனுக்குத் தொண்டைக்கு மிளகு ரசம் வைத்தார். எனக்கும் ஊற்றினார். அந்த வாரம் மழை பிடித்திருந்தது. அவனுக்குச் சளி பிடிக்காதா என்று நினைத்தேன். நினைத்ததை எழுதித்தான் ஆகவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த பூத்திலிருந்து கஸ்தூரிக்குப் போன் செய்தேன். விஷயத்தை, எனக்கு மொழிபெயர்ப்பு வேலை அதிகம், அதனால் தனசேகரை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன் என்று மாற்றிச் சொன்னேன்.

"எங்க தம்பியா? பிரெஞ்சா?" மறுமுனையில் அவள் போட்ட சத்தத்தில் பூத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அவனுக்கு சின்ன வயசுலயே அதெல்லாம் வரும்ங்க. கண்டக்டர் மாதிரி, டீச்சர் மாதிரி பேசிக் காட்டுவான். வீடியோ எடுக்கச் சொல்லுங்க. க்ளோசப்ல எடுக்கச் சொல்லுங்க!"

"சரி."

"நீங்க எங்க நிப்பீங்க?"

"பக்கத்துல," என்றேன்.

6

விழா வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும் என்பது அந்தத் தொழிற்சாலையில் வாட்ச்மேனிலிருந்து மானேஜர் வரை அறிந்த விஷயம். நிகழ்ச்சி நிரலை நான்தான் இரண்டு மொழியிலும் தட்டச்சு செய்தேன். ஒன்பதரைக்கு விருந்தினர் வருகை, பிறகு வரவேற்புரை, பிறகு பூஜை, பிறகு முதலாளி பொத்தானை அழுத்துவது. தாராளமான நேரம்.

விருந்தினர் வந்த கார் தாம்பரத்தில் மாட்டிக்கொண்டது. வந்து சேர்ந்தபோது ராகு காலத்துக்குச் சில நிமிடங்களே இருந்தன. ப்ரெஸ்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக இருந்தது. குருக்கள் கைக்கடிகாரத்தையும் மானேஜரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மொதல்ல மெஷின ஸ்டார்ட் பண்ணிடலாம் சார். பேச்ச அப்பறம் வச்சுக்கலாம். பேச்சுக்கு ராகு காலம் கெடையாது," என்றார் மானேஜர்.

முதலாளிக்குச் சூடமும் காட்டி, ஒரு மாலையும் போட்டு, விரலைப் பிடிக்காத குறையாகப் பொத்தானை அழுத்தவைத்தார்கள். ப்ரெஸ் இறங்கியது. பூசணிக்காய் உடைந்தது. கைதட்டினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மற்ற ப்ரெஸ்களும் ஓடத் தொடங்கின. தரை அதிர்ந்தது.

இப்போது நிறுத்திவிட்டுத்தானே பேச்சு? நான் மானேஜரின் காதில் போய்க் கத்தினேன். அவர் என் காதில் கத்தினார்: "இப்ப நிறுத்தினா ராகு காலத்துல திருப்பி ஸ்டார்ட் பண்ணணும் சார்! பன்னெண்டு மணி வரைக்கும் கை வைக்கக்கூடாது! மைக் இருக்கு, பேசச் சொல்லுங்க!"

மிஷெலுக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசித்து, "தொழில்நுட்பக் காரணம்," என்றேன்.

தனசேகர் மேடையேறினான். மைக்கைப் பிடித்து முதல் வரியைச் சொன்னான். அவனுக்கே கேட்டிருக்காது. முன்வரிசையில் என் அண்ணன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. உரையை யாரும் வாசிக்கவில்லை என்றாகிவிடும். நானும் இல்லை, அவனும் இல்லை. கணக்கு சரியாகிவிடும்.

அவன் என் அண்ணனின் கையைப் பார்த்தான். மைக்கை நகர்த்தி வைத்தான். தன் ஷாப்பில் தன் ஆட்களோடு பேசுவதுபோல, குரலை விட்டுவிட்டு, வாயால் மட்டும் பேச ஆரம்பித்தான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளிப் பெரியவர் எழுந்தார். மாலையைக்கூடக் கழற்றவில்லை. மேடைக்கு இரண்டடி முன்னால் வந்து நின்று, தனசேகரின் உதட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். ஒவ்வொரு வரிக்கும் ஆட்டினார். விருந்தினர் தூர தேசத்திலிருந்து வந்தாலும் அவருடைய இயந்திரங்கள் இங்கே நலமாக இருக்கும் என்று நான் எழுதிய இடத்தில், சரியாக அந்த இடத்தில், சிரித்தார்.

மிஷெல் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் சிறுவயதில் லியோனில் ப்ரெஸ் ஓட்டியவர். காது போனது அதில்தான். ஐம்பது வருடமாக அவர் மனிதர்களின் வாயைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் என்னைக் கடந்துபோகும்போது என் உதட்டில் அவர் என்ன பார்த்திருப்பார்? நான் வணக்கம் சொல்லும்போது என் உதடு அசைவதே இல்லை என்று கஸ்தூரி சொல்வாள்.

உரை முடிந்தது. பெரியவர் தனசேகரின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயை அசைத்து ஏதோ கேட்டார். தனசேகரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி அவன் சொன்னது மட்டும் எனக்குச் சத்தமில்லாமலே புரிந்தது: "இன்னா கேக்கறாரு மாமா?"

மேடைக்குப் போனேன். பெரியவர் மறுபடி சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் உதடு எனக்கு வெறும் உதடு. அங்கே பிரெஞ்சு தெரிந்த தமிழன் நான் ஒருவன். என் காது அடைத்திருந்தது. தனசேகர் குனிந்து, என் காதோடு வாய் வைத்து, தான் பார்த்ததை ஒலியாகச் சொன்னான். ஒன்றிரண்டு இடம் கலங்கலாக இருந்தது. மீதி தெளிவாக விழுந்தது. லியோனில் எந்தத் தெருவில் இருந்தீர்கள் என்று கேட்கிறார்.

இவர் லியோனைப் பார்த்ததே இல்லை, இவர் என் மனைவியின் தம்பி, உரையை எழுதியவன் நான். இந்த மூன்றையும் பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியும். விதிப்படி, பிழையில்லாமல் தெரியும். ஆனால் தெருவைக் கேட்டால் சொல்வதற்கென்று என்னிடம் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கிறது. எத்தனையோ அலுவலகச் சாளரங்களுக்கு முன்னால் நின்று சொல்லித் தோற்ற வாக்கியம். அதை அவன் வாயில் போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும்போல ஓர் ஆசை. ஆசை என்பதைவிட எரிச்சல். அவன் காதில் சொன்னேன்: நான் மல்பெரி மரத் தெருவில் குடியிருக்கிறேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். என் ஊவைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டான். பெரியவர் பக்கம் திரும்பி வாயை அசைத்தான்.

பெரியவர் உடனே தலையாட்டினார். மறுபடி என்று கேட்கவில்லை. ஏதோ பதில் சொன்னார். அதைத் தனசேகர் என் காதில் கொண்டுவந்து கொட்டினான். அந்தத் தெருவில் மல்பெரி மரம் ஒன்றுகூட இல்லையே என்கிறார்.

அது உண்மை. ஒன்றுகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் அப்போதுதான் என்னைக் கவனித்து, லியோனில் செய்வதுபோலத் தலையசைத்துவிட்டு, மறுபடி தனசேகரின் வாய்க்குத் திரும்பினார்.

7

விழா முடிந்து கேண்டீனில் டீ குடிக்கும்போது தனசேகர் கேட்டான்.

"கடைசில என்னை இன்னா சொல்ல வெச்சீங்க?"

"என் தெருப் பேரு."

"அப்போ நான் உங்க வூட்ல குடியிருக்கறதா அந்தாளு நெனச்சிகினு போறாரா?"

"ஆமாம்."

"வாடகை எவ்ளோ மாமா?" என்று கேட்டு அவனே சிரித்தான். பிறகு டீயை வைத்துவிட்டு, "சத்தியமா சொல்றேன், நீங்க பக்கத்துல இல்லன்னா எனக்கு வேர்த்து ஊத்தியிருக்கும். இனிமே ஒண்ணு பண்ணலாம். நீங்க ரோசன பண்ணுங்க, நான் வாயசைக்கறேன்," என்றான்.

அவன் அதைப் பெருந்தன்மையாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கமுடியவில்லை.

என் அண்ணன் வந்தார். "மைக் ரிப்பேரா போச்சாடா? தனசேகர் பாவம், வெறும் வாயத்தான் அசைச்சினு நின்னான். நீ படிச்சிருந்தா கணீர்னு இருந்திருக்கும்," என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். வாங்கிக்கொண்டேன்.

8

இது மறுநாள் மாலை, லியோன் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து எழுதுவது.

அலுவலகத்தில் எங்கள் எண் வர மதியம் ஆகிவிட்டது. மீனா எனக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் காகிதமும் பேனாவும் தயாராக வைத்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் பெயரைக் கேட்டார், பிறந்த ஊரைக் கேட்டார். பேனா அந்தரத்தில் நின்றது. இன்று எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

"தெரு?"

மீனா காகிதத்தை நீட்டப்போனாள். நான் அவள் கையை நகர்த்தினேன். தனசேகர் மேடையில் பெரியவர் பக்கம் திரும்பி என் தெருவைச் சொன்னபோது இருந்த முகத்தை நினைத்தேன். வீடியோவில் கஸ்தூரி அந்த இடத்தில்தான் படத்தை நிறுத்தி வைப்பாள். அதனால் அது எனக்கு மனப்பாடம். புருவம் ஏறியிருக்கும். கன்னம் உள்ளே போயிருக்கும். உதடு வெட்கமில்லாமல் முன்னால் நீண்டிருக்கும். அந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். வாயை வூடு என்று வைத்துக்கொண்டு உள்ளே வீடு என்று நினைத்துக்கொண்டு, மூன்று சொற்களையும் சொன்னேன்.

அந்த அம்மாள் எழுதினார். எழுதிவிட்டு, "வீட்டு எண்?" என்றார்.

ஒருகணம் எனக்கு எண் மறந்துவிட்டது. அந்தக் கேள்வி வரை இவ்வளவு சீக்கிரம் நான் வந்ததே இல்லை. மீனாதான் சொன்னாள்.

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நீல உறையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். மீனா என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் ஏதாவது சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது.

"அப்பா," என்றாள், தமிழில். "உள்ள நீ பேசும்போது அப்படியே மாமா மாதிரி இருந்த."

போகிற வழியில் ரொட்டிக் கடையில் ஒரே ஒரு ரொட்டி கேட்டு வாங்கினேன். அதன் நுனியை உடைத்து, அவளுக்குக் கொடுக்காமல் நானே தின்றுகொண்டு வீடு வந்தேன்.